வெளிநாட்டுப் பொறியாளர் சங்கத்துக்கு இந்தியாவில் கிளை தொடங்குவது எப்படி: சென்னையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

நீங்கள் ஒரு வெளிநாட்டுப் பொறியாளர் சங்கத்தில் பல வருடமாக உறுப்பினர். அதற்கு இந்தியாவில் இன்னும் கிளை இல்லை. "சென்னையில் ஒரு சாப்டர் தொடங்கலாமே" என்று தலைமையகத்திலிருந்து மெயில் வந்திருக்கிறது, அல்லது நீங்களே கேட்டு அவர்கள் தலையாட்டிவிட்டார்கள். அடுத்து என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

இந்த வேலையைச் சென்னையில் ஒருமுறை முழுதாக முடித்த பிறகு, அதே வழியில் வந்த வேறு சில குழுக்களோடும் கூடமாட இருந்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது வரிசையில்தான். முதலில் விழாத் தேதியைக் குறிக்கிறார்கள், அப்புறம் லோகோ, அப்புறம் பதிவு, எல்லாம் ஆன பிறகு "ஆமா, தலைமையகத்துப் பணம் எப்படி வரும்?" என்று ஆடிட்டரைத் தேடுகிறார்கள். இதை அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும். உறுப்பினர்கள், தலைமையகத்தின் கடிதம், பணம் போய்வரும் வழி, அதற்கேற்ற சட்ட வடிவம், பதிவு, கடைசியில் விழா.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட குழு. இவர்கள் குறைந்தது மூன்று வெவ்வேறு நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களாக இருக்கட்டும். எல்லோரும் ஒரே கம்பெனி என்றால், அங்கே அப்ரைசல் சீசன் வந்தால் சங்கமும் படுத்துவிடும், ஒரு ஆட்குறைப்பு வந்தால் சங்கமே காலி.

தலைமையகத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவரின் தொடர்பு. உற்சாகமாகப் பதில் போடும் வாலண்டியர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள், ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போவது அவர்கள் இல்லை.

எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) கோப்புகளை நேரில் கையாண்ட ஒரு ஆடிட்டர். உங்கள் வருமான வரிக் கணக்கைப் போட்டுத் தரும் குடும்ப ஆடிட்டர் நல்ல மனிதராக இருப்பார், ஆனால் இது வேறு துறை.

தனிநபர் பெயரில் இல்லாத ஒரு மெயில் முகவரி. செயலாளரின் ஜிமெயிலில் எல்லாம் ஓடினால், அவர் கனடா போகும்போது சங்கத்தின் ஞாபகமும் கூடவே போய்விடும்.

2. ஊரில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

சென்னை இந்த விஷயத்தில் காலி மனை கிடையாது. இந்தியப் பொறியாளர் நிறுவனமே 1920-இல் இந்த ஊரில் தொடங்கியதுதான், அதன் தலைமையகம் இப்போது கொல்கத்தாவில் இருக்கிறது. மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகச் சங்கமான ஐ ட்ரிபிள் ஈ-க்கு மெட்ராஸ் செக்‌ஷன் இருக்கிறது. ஆஷ்ரே (குளிர்சாதனத் துறை), பிஎம்ஐ (திட்ட மேலாண்மை) போன்றவற்றுக்குச் சென்னை சாப்டர்கள் உண்டு. வாகனத் துறைப் பொறியாளர்களின் சங்கமான எஸ்ஏஇ இந்தியாவின் தலைமை அலுவலகம் அடையாறில்.

இதைப் பார்க்கச் சொல்வதற்கு இரண்டு காரணம். நீங்கள் கூப்பிடப் போகும் ஆட்களில் பாதிப் பேர் ஏற்கெனவே இவற்றில் எதிலாவது சந்தா கட்டிக்கொண்டிருப்பவர்கள், ஆகவே அங்கே கிடைக்காத எது உங்களிடம் கிடைக்கும் என்பதற்கு ஒரு வரியில் பதில் தயாராக இருக்க வேண்டும். "உலகளாவிய நெட்வொர்க்" என்பது பதில் ஆகாது, எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டாவது, உங்களுக்கான மாதிரிகள் இங்கேயே இருக்கின்றன. ஐ ட்ரிபிள் ஈ செக்‌ஷன் உலக அமைப்பின் உள்ளூர் அலகு. எஸ்ஏஇ இந்தியா, உலக அமைப்போடு இணைப்பு வைத்துக்கொண்டு இந்தியாவிலேயே தனியாகப் பதிவான சங்கம். உங்கள் தலைமையகம் இதில் எதை மனத்தில் வைத்திருக்கிறது என்று இப்போதே கேளுங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அவர்கள் இன்னும் யோசிக்கவில்லை என்று பொருள். விடாமல் கேளுங்கள்.

கூடவே ஒரு எச்சரிக்கை. உங்கள் சங்கத்தின் உறுப்பினர் அட்டையை ஏதோ லைசென்ஸ் மாதிரி யாரிடமும் விற்காதீர்கள். இந்தியாவில் எல்லாப் பொறியாளர்களுக்குமான ஒரே உரிமச் சட்டம் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் கட்டட வரைபடத்தில் கையெழுத்திட, 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி தனியாகப் பதிவு வேண்டும். உங்கள் அட்டையை நீட்டினால், கட்டட அனுமதி தரும் சிஎம்டிஏ கவுன்டரில் ஒன்றும் நடக்காது. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் பின்னால் வரும் சண்டை மிச்சம்.

3. உறுப்பினர்களை எண்ணுங்கள், பெயர்களைச் சரிசெய்யுங்கள்

எல்லாச் சங்கங்களுக்கும் ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டு. உதாரணத்துக்கு, ஐ ட்ரிபிள் ஈ-யில் ஒரு தொழில்நுட்பச் சாப்டர் தொடங்க 12 உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும், புதிய செக்‌ஷன் என்றால் 50. உங்கள் சங்கத்தின் எண் என்ன, அதில் மாணவர்கள் சேர்த்தியா என்று தலைமையகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். மாணவர்களைச் சேர்க்க மாட்டார்கள் என்பது பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் தெரியவரும்.

எண்ணை எட்டியதும் நிறுத்தாதீர்கள். 12 தேவை என்றால் 20 பேர் வேண்டும். முதல் ஆண்டு முடிந்து சந்தா புதுப்பிக்கும் நேரத்தில் ஆட்கள் உதிர்வார்கள், எண்ணிக்கை கோட்டுக்குக் கீழே இறங்கினால் சாப்டரையே முடக்கி வைக்கும் விதி பல சங்கங்களில் இருக்கிறது.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை. தலைமையகத்தின் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? எஸ். கார்த்திக் என்பவர் ஒருமுறை முதல் பெயர் கார்த்திக், கடைசிப் பெயர் எஸ் என்று போட முயல்வார். கணினி ஓர் எழுத்தை ஏற்காது. உடனே கார்த்திக் கார்த்திக் என்று போட்டுச் சேர்ந்துவிடுவார். அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது கடவுச்சொல் மறந்துபோய், அப்பா பெயரை விரித்துக் கார்த்திக் சுப்பிரமணியன் என்று புதுக் கணக்கே தொடங்கியிருப்பார். தலைமையகத்தின் பட்டியலில் அவர் இரண்டு பேர், ஒருவர் காலாவதி. பான் அட்டையில் மூன்றாவது வடிவம்.

இதனால் எண்ணிக்கை குழம்புவது ஒரு பக்கம். பதிவுக்குக் கையெழுத்திடும் நாளில் ஆதார், பான், உறுப்பினர் பட்டியல் மூன்றிலும் மூன்று பெயர் இருந்தால் கோப்பு திரும்பி வரும். எனவே ஆரம்பத்திலேயே விதி வையுங்கள்: பான் அட்டையில் உள்ளபடிதான் பெயர், ஒருவருக்கு ஒரே மெயில் முகவரி. ஏற்கெனவே இருக்கும் இரட்டைப் பதிவுகளை ஒரே பட்டியலாகத் தலைமையகத்துக்கு அனுப்பி இணைக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக அனுப்பினால் ஒன்றுக்கும் பதில் வராது.

4. பதிவு இல்லாமல் சில மாதம் நடத்திப் பாருங்கள்

காகித வேலையில் இறங்கும் முன் மாதம் ஒரு கூட்டம் என்று ஆறு மாதம் நடத்துங்கள். பணம் வசூலிக்க வேண்டாம், பேனரும் வேண்டாம். யாராவது ஒருவருடைய அலுவலகத்துக் கூட்ட அறை, ஒரு பேச்சாளர், டீ, சமோசா. யார் சொன்னபடி வருகிறார்கள், யார் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் காட்டுகிறார்கள் என்பது இந்த ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். பதிவுப் பத்திரத்தில் யாருடைய கையெழுத்து வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

இடமும் நேரமும் சென்னையில் பாதி வெற்றி. வார நாள் மாலை ஆறரைக்குத் தரமணியில் கூட்டம் வைத்தால் அம்பத்தூர், ஒரகடம் ஆட்கள் வரவே மாட்டார்கள். ஓஎம்ஆர் ஆட்களேகூட ஏழரைக்குத்தான் வியர்த்துப்போய் நுழைவார்கள். சனிக்கிழமை காலை ஐடி ஆட்களுக்குச் சரி, ஆனால் தொழிற்சாலைகளில் பலவற்றுக்குச் சனி வேலை நாள். உங்கள் உறுப்பினர்கள் எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கிண்டி இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடம், மெட்ரோவும் மின்சார ரயிலும் அங்கே சந்திக்கின்றன.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வெளியூர்ப் பேச்சாளரைக் கூப்பிடாதீர்கள். மழைக்கு விமானம் தாமதமாகும், மண்டபத்துக்குப் போகும் சாலையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், நீங்கள் கட்டிய முன்பணம் திரும்பாது.

தலைமையகத்தோடு பேசும் நேரத்தையும் இப்போதே பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரை என்றால் நமக்கு ஒன்பதரை மணி நேரமோ பத்தரை மணி நேரமோ பின்னால், அவர்கள் கடிகாரத்தைத் திருப்புவதைப் பொறுத்து. எப்போதும் நம் இரவு பதினொன்றுதான் கூட்ட நேரம் என்றால் குழு களைத்துவிடும், ஒருமுறை அவர்கள் அதிகாலையில் எழட்டும்.

5. தலைமையகத்திடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டியவை

"வாழ்த்துகள், தொடங்குங்கள்" என்ற மெயிலை அனுமதி என்று எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. உங்களுக்கு வேண்டியது ஆட்சிக் குழுவின் தீர்மானமும் அதன் பேரில் ஓர் ஒப்பந்தமும்.

பெயரையும் சின்னத்தையும் இந்தியாவில் பயன்படுத்தும் உரிமை அதில் தெளிவாக இருக்க வேண்டும். வெளிநாட்டு அமைப்பின் பெயரோடு பதிவுக்குப் போனால், அந்த அமைப்பின் ஆட்சேபமில்லாக் கடிதம் எங்கே என்ற கேள்வி வரும். தலைமையகம் தன் பெயரை இந்தியாவில் வணிகச் சின்னமாகப் பதிந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். கல்வி, பயிற்சி, மாநாடு எல்லாம் 41-ஆம் வகுப்பில் வரும். பதிந்திருக்கவில்லை என்றால் அவர்கள் பெயரிலேயே விண்ணப்பிக்கட்டும். உங்கள் குழுவில் ஒருவர் நல்ல எண்ணத்தில் தன் பெயரில் விண்ணப்பித்து வைப்பதுதான் பின்னால் பெரிய வம்பு.

சந்தாவில் உள்ளூருக்கு எவ்வளவு, உறுப்பினர் தரவு யார் பொறுப்பு, சாப்டர் தன் பெயரில் ஒப்பந்தம் போடலாமா, மண்டபத்தில் யாருக்காவது அடிபட்டால் அவர்கள் காப்பீடு இந்தியாவில் செல்லுமா, நாளை பிரிந்தால் வங்கியில் இருக்கும் பணம் என்ன ஆகும், இவையெல்லாம் அதில் வர வேண்டும். பிரிவதைப் பற்றி ஆரம்பத்திலேயே பேசுவது அபசகுனம் மாதிரித் தோன்றும். பேசிவிடுங்கள், ஏனென்றால் உங்கள் பைலாவிலும் (சங்கத்தின் உள்விதிகள்) கலைப்பு விதி எழுத வேண்டியிருக்கும், இரண்டும் முட்டினால் எது செல்லும் என்று யாருக்கும் தெரியாது.

ஆவணங்கள் வெளிநாட்டில் கையெழுத்தாவதால் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று அந்த நாட்டு அரசு தரும் சான்று) தேவைப்படலாம். அதற்கு அவர்கள் பக்கம் வாரக்கணக்கில் ஆகும். எந்தெந்த ஆவணத்துக்கு வேண்டும் என்று ஆடிட்டரிடம் பட்டியல் வாங்கி ஒரே தடவையில் அனுப்புங்கள்.

6. பணம் போய்வரும் வழியை முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லா முடிவும் இதைப் பொறுத்ததுதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உள்ளே வரும் பணம். தலைமையகம் "தொடக்க உதவியாக 500 டாலர் அனுப்புகிறோம், உங்கள் அக்கவுன்ட் எண் கொடுங்கள்" என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் உருவான சங்கம் 2010-இன் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டு மூலம். அங்கிருந்து நன்கொடையாக வரும் பணத்துக்கு மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், தொகை சின்னதா பெரியதா என்பது பொருட்டில்லை. தலைவரின் சொந்தக் கணக்குக்கு வாங்கிச் சங்கத்துக்குச் செலவழிப்பது இன்னும் மோசம், இரண்டு சட்டத்தில் ஒரே நேரத்தில் மாட்டுவீர்கள்.

எஃப்சிஆர்ஏ பதிவு புதுச் சங்கத்துக்கு உடனே கிடைக்காது. பொதுவாக 3 ஆண்டு செயல்பட்டிருக்க வேண்டும், அந்த 3 ஆண்டில் முக்கிய நோக்கங்களுக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் வேண்டுமென்றால் முன் அனுமதி வழி இருக்கிறது, ஆனால் அது குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலைக்கு மட்டும். எந்த வழியானாலும் பணம் வந்து இறங்க வேண்டிய கணக்கு ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளையில்தான், மயிலாப்பூர்க் கிளையில் இல்லை.

நடைமுறையில் என் பரிந்துரை: முதல் மூன்று ஆண்டுக்குத் தலைமையகத்துப் பணமே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கட்டணம், பயிலரங்கு வருமானம், இந்தியக் கம்பெனிகளின் ஸ்பான்சர்ஷிப் இவற்றில் ஓட்டுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் பன்னாட்டுக் கம்பெனியின் இந்திய நிறுவனம் ஸ்பான்சர் செய்தால் அதுவும் வெளிநாட்டுப் பணமா என்று கேட்பார்கள். அந்நிய முதலீட்டு வரம்புக்கு உட்பட்டிருந்தால் அது வெளிநாட்டு மூலமாகக் கருதப்படாது, 2016-இல் வந்த திருத்தம் அது. தாய்க் கம்பெனியின் வெளிநாட்டு அறக்கட்டளை அனுப்பினால் கதை வேறு. அதேபோல் துபாயில் இருக்கும் இந்தியக் குடியுரிமை உள்ள உறுப்பினர் தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவர் கொடுத்தால் ஆகும். நன்கொடை வாங்கும் முன் பாஸ்போர்ட்டைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்து வெளியே போகும் பணம், அதாவது உறுப்பினர் சந்தா. தொடக்கத்தில் ஒவ்வொருவரும் நேரடியாகத் தலைமையகத்தின் தளத்தில் தன் கார்டிலேயே கட்டட்டும். சாப்டர் மொத்தமாக வசூலித்து அனுப்பினால் அந்நியச் செலாவணி விதி, வரிப் படிவம் என்று உங்கள் தலையில் விழும்.

இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. இந்திய வங்கிகளின் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே ஆப்பில் இயக்கிவிட வேண்டும், புதுக் கார்டில் அது அணைந்துதான் வரும். தானாகப் புதுப்பிக்கும் வசதியும் 2021 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிகளுக்குப் பிறகு வெளிநாட்டுத் தளங்களில் ஒழுங்காக ஓடுவதில்லை. 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. தலைமையகம் இதை அறியாது. அவர்கள் கணினியில் "பணம் கட்டவில்லை" என்று மட்டும் தெரியும், டிசம்பர் 31 இரவோடு உங்கள் உறுப்பினர்களில் ஒரு பகுதி சத்தமில்லாமல் மறைந்துவிடும். எனவே நவம்பரிலேயே பட்டியலை வாங்கி, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுக் கையால் கட்ட வையுங்கள். மெயில் அனுப்பிப் பயனில்லை.

சந்தாத் தொகையையும் பேசுங்கள். உலக வங்கியின் வருமானப் பட்டியலை வைத்து நாட்டுக்கு நாடு சந்தாவைக் குறைக்கும் சங்கங்கள் உண்டு. அம்பத்தூரில் ஒரு சிறு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பொறியாளருக்கு 150 டாலர் என்பது கிட்டத்தட்டப் பிள்ளையின் பள்ளி வேன் கணக்கு.

7. சட்ட வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

பணவழி தெளிவானால் இது சுலபம். நான்கு வழி இருக்கிறது.

எந்தப் பதிவும் இல்லாமல் உலக அமைப்பின் சாப்டராகவே இருப்பது. உள்ளூரில் பணம் வசூலிக்காத வரை, சிறிய குழுவாக இருக்கும் வரை ஓடும்.

தலைமையகமே இங்கு தொடர்பு அலுவலகம் திறப்பது. லாப நோக்கமற்ற அமைப்பு என்றால் ரிசர்வ் வங்கி மத்திய அரசைக் கலந்துதான் அனுமதி தரும், அலுவலகம் இங்கே வருமானம் ஈட்டக்கூடாது, முழுச் செலவும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். பெரிய சங்கங்களுக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்ச் சங்கம். ஏழு பேர் போதும், செலவு குறைவு, பொதுக்குழு, தேர்தல் எல்லாம் பொறியாளர் சங்கத்தின் இயல்போடு ஒத்துப்போகும்.

கம்பெனிச் சட்டம் 2013-இன் 8-ஆம் பிரிவுக் கம்பெனி. இரண்டு இயக்குநர்கள் போதும், அவர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தவராக வேண்டும். புனே, பெங்களூரு என்று விரிக்கப் போகிறீர்கள், பெரிய கம்பெனிகளிடம் ஸ்பான்சர் கேட்கப் போகிறீர்கள் என்றால் இதற்கு மதிப்பு அதிகம். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்கள் அதிகம், தாமதமானால் அபராதம் நாள் கணக்கில் ஏறும். வாலண்டியர்களை மட்டும் நம்பி இதில் இறங்காதீர்கள், ஒரு கம்பெனி செயலரை மாதக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ள முடிந்தால் மட்டும்.

சென்னையோடு நிற்கும் குழுவுக்குச் சங்கமே போதும் என்பது என் முடிவு. "நாளைக்கு வளர்ந்தால்?" என்று கேட்பவர்கள் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

8. பதிவு

பெயரை முதலில் பாருங்கள். "இந்தியன்", "நேஷனல்" போன்ற சொற்கள் அரசாங்க ஆதரவு இருப்பது போலத் தோன்ற வைக்கும் என்று ஆட்சேபிப்பார்கள். தலைமையகத்தின் பெயருக்குப் பின்னால் "சென்னை சாப்டர்" என்று போடுவது பாதுகாப்பான வழி. பிடித்த பெயர் இரண்டு மூன்று கையில் இருக்கட்டும்.

பைலாவைத் தலைமையகம் அனுப்பிய மாதிரியை அப்படியே நகலெடுத்து எழுதாதீர்கள். அவர்கள் ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர், நம் கணக்காண்டு ஏப்ரல் முதல் மார்ச். அவர்கள் தேர்தல் மின்னஞ்சலில், நம் சட்டம் பொதுக்குழுவைக் கேட்கும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் இங்கே 3 ஆண்டைத் தாண்டக்கூடாது. இரண்டையும் அருகருகே வைத்து, முட்டும் இடங்களில் தமிழ்நாட்டுச் சட்டப்படி எழுதி, அந்த மாற்றங்களுக்குத் தலைமையகத்தின் ஒப்புதலை வாங்கிய பிறகே கையெழுத்து.

நோக்கங்கள் பகுதியில் கவனம். "உறுப்பினர்களின் முன்னேற்றம்" என்று மட்டும் எழுதினால், பின்னால் வருமான வரியில் பொதுநல அமைப்பாகப் பதிவு கேட்கும்போது இடிக்கும். பொதுமக்களுக்குத் தொழில்நுட்பக் கல்வி, மாணவர் பயிற்சி என்று நீங்கள் உண்மையில் செய்யப்போவதைச் சேருங்கள்.

அலுவலக முகவரிக்கு வீட்டு முகவரி கொடுக்கலாம், ஆனால் வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். "உங்க வீட்ல சங்கமா?" என்று வீட்டுக்காரர் மிரளுவார். கூட்டம் அங்கே நடக்காது, தபால் மட்டும்தான் வரும் என்று முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். விண்ணப்பம் பதிவுத்துறையின் இணையதளம் வழியாக, உங்கள் முகவரிக்கு உரிய மாவட்டப் பதிவாளருக்குப் போகும்.

9. பான், வங்கி, வரி

பதிவுச் சான்று வந்ததும் சங்கத்தின் பெயரில் பான், அப்புறம் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திடும் முறையில். கணக்கு தொடங்கும் வரை ஒரு ரூபாய்கூட வசூலிக்காதீர்கள். பயிலரங்குக்கு 60 பேரிடம் செயலாளரின் ஜிபே எண்ணுக்குத் தலா 500 வாங்கினால், 30,000 ரூபாய் அவருடைய கணக்கில் அவருடைய வருமானம் மாதிரி நிற்கும். அந்தக் கணக்கை யாரும் பிறகு நிம்மதியாக எழுதி முடித்ததில்லை.

வருமான வரிப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது பழைய மாதிரிப் படிவங்களை நம்ப வேண்டாம். 12ஏபி (சங்கத்துக்கான வரிவிலக்குப் பதிவு), 80ஜி (நன்கொடையாளருக்கான வரிச்சலுகை) என்று எல்லோரும் சொல்லும் எண்கள் பழைய சட்டத்தவை, 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். ஜிஎஸ்டி ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் பொதுவாகக் கேள்வியாகும், ஆனால் ஒரே ஒரு மாநாடு அந்த எல்லையைத் தாண்ட வைத்துவிடும்.

10. பொறுப்பாளர்களில் அரசு ஊழியர் இருந்தால்

சென்னையில் உங்கள் குழுவில் ஒரு அரசுக் கல்லூரிப் பேராசிரியரோ பொதுத்துறை நிறுவனப் பொறியாளரோ நிச்சயம் இருப்பார். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 15-ஆம் விதிப்படி, தேர்ந்தெடுக்கப்படும் பதவி வகிக்க முன் அனுமதி வேண்டும். மற்ற நிறுவனங்களிலும் இதே போன்ற விதிகள் உண்டு. பெயரைப் பத்திரத்தில் ஏற்றும் முன் அவருடைய அலுவலகத்தின் கடிதத்தை வாங்குங்கள், பதிவான பிறகு பெயரை நீக்குவது இன்னொரு சுற்று வேலை.

தலைமையகம் தன் ஆண்டுக் கூட்டத்துக்கு டிக்கெட்டும் ஓட்டலும் தந்து உங்கள் தலைவரை அழைக்கும். அவர் அரசு ஊழியர் என்றால் அது வெளிநாட்டு விருந்தோம்பல், அதற்கும் எஃப்சிஆர்ஏ சட்டத்தில் தனி அனுமதி இருக்கிறது. விசாவுக்கு முன்னாலேயே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

11. கல்லூரிகள்

கல்லூரிகள் உங்களைத் தேடி வரும், அதில் மயங்க வேண்டாம். பொறியியல் படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் என்பிஏ-வின் அங்கீகாரத்துக்கான தன்மதிப்பீட்டு அறிக்கையில் தொழில்முறைச் சங்கங்களின் கிளைகளுக்கு மதிப்பெண் இருக்கிறது. அதனால் புரிந்துணர்வு ஒப்பந்தம், பூங்கொத்து, குத்துவிளக்கு, போட்டோ எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிடும். ஆய்வுக் குழு வந்துபோன பிறகு போனை எடுக்க ஆள் இருக்காது.

முதல் ஆண்டில் இரண்டு மூன்று கல்லூரிகளோடு நிறுத்துங்கள். ஒப்பந்தத்துக்கு முன் இரண்டைக் கேளுங்கள்: பொறுப்பு ஆசிரியர் யார், அவர் நம் சங்கத்தில் சொந்தப் பணம் கட்டிய உறுப்பினரா? இரண்டாவது, இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எத்தனை பேர்? நான்காம் ஆண்டு மாணவர்களை மட்டும் சேர்த்த கிளை அடுத்த ஜூனில் காலி. ஏப்ரல், மே, நவம்பர் மாதங்களில் அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுகள் இருக்கும், அப்போது நிகழ்ச்சி வைத்தால் நாற்காலிகள்தான் வரும்.

12. கடைசியாக விழா

பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு, ஒப்பந்தம் மூன்றும் கையில் வந்த பிறகு தேதி குறியுங்கள். சனிக்கிழமை காலை என்றால் ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம். நீங்கள் நம்பாவிட்டாலும் உங்கள் சிறப்பு விருந்தினர் நம்பலாம், அழைப்பிதழில் பத்தரைக்கு மேல் போட்டுவிடுங்கள், எப்படியும் அதற்கு முன் யாரும் வரப்போவதில்லை. ஆடி மாதத்தில் மண்டபம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் புதிதாகத் தொடங்குவதற்குச் சிலர் முகம் சுளிப்பார்கள்.

தலைமையகத் தலைவர் வருகிறார் என்றால், சுற்றுலா விசாவில் வந்து மேடையேறலாம் என்று அவரே சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாநாட்டு விசா தனியாக இருக்கிறது, அதற்கு உங்கள் பக்கத்திலிருந்து அழைப்புக் கடிதமும் அனுமதிக் காகிதங்களும் போக வேண்டும். இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே தொடங்குங்கள்.

விழா மேடையில் அடுத்த மூன்று மாதக் கூட்டங்களின் தேதி, இடம், பேச்சாளர் பெயர் திரையில் இருக்கட்டும். அன்று வரும் புது ஆட்களின் போன் எண்ணை வாங்குவது உங்கள் குழுவில் ஒருவருக்கு மட்டும் ஒப்படைத்த வேலையாக இருக்க வேண்டும், மறுநாள் ஞாயிறே அவர் எல்லோரையும் கூப்பிடத் தொடங்கிவிட வேண்டும். திங்கட்கிழமைக்குப் பிறகு யாரும் போனை எடுப்பதில்லை.